துப்பாக்கிக்கு ஏற்ற உருக்கு

கொல்லருடைய பட்டறையில் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டிருக்கும். அரிவாளுக்கு அவர் எடுக்கும் இரும்பு வேறு. வண்டிச் சக்கரத்துப் பட்டாவுக்கு எடுக்கும் இரும்பு வேறு. அரிவாளுக்குக் கூர் நிற்க வேண்டும். பட்டாவுக்கோ கல்லிலும் மேட்டிலும் மோதினாலும் விரிசல் காணாத உறுதி வேண்டும். ஒன்றுக்கு உகந்தது மற்றொன்றுக்கு உகந்ததன்று. இந்த எளிய உண்மையை மனிதர் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட ஒரு துறை உண்டு. அதுதான் துப்பாக்கித் தொழில். அரிவாள் முறிந்தால் வேலை தடைப்படும். துப்பாக்கி வெடித்தால் அதைப் பிடித்தவனுடைய கண்ணும் கையும் போகும். ஆகவே துப்பாக்கிக்கு உரிய உருக்கைத் தேர்ந்த வரலாறு, உலோக நூலின் வரலாறு மட்டுமன்று. நம்பிக்கையின் வரலாறும் ஆகும்.

முதலில் துப்பாக்கிக்குள் நிகழ்வது என்ன என்பதை நினைவிற்கொள்வோம். மருந்து தீப்பற்றிய கணத்தில் அது பெருங்காற்றாக மாறி, அடைபட்ட இடத்திலிருந்து வெளியேற வழி தேடுகிறது. குண்டு ஒருபுறம் முன்னோக்கிப் பாய்கிறது. அதே அழுத்தம் குழலின் சுவரையும், பின்புறத்தை அடைத்து நிற்கும் தாழையும் தாக்குகிறது. குழலுக்கு வேண்டியது நெகிழ்ந்து தாங்கும் வலிமை. விசையோடு பொருந்தும் சிறு கொக்கிகளுக்கு வேண்டியது தேயாத மேற்பரப்பு. வில்லுக்கு வேண்டியது, ஆயிரம் முறை வளைத்தாலும் தன் நிலைக்கு மீளும் இயல்பு. தோட்டாவைத் தட்டும் ஊசிக்கு வேண்டியது, கூர் மழுங்காமலும் முறியாமலும் இருக்கும் நடுத்தரப் பதம். ஒரே கருவிக்குள் நான்கு விதமான தேவைகள்! ஒரே உலோகத்தால் இவை அனைத்தையும் நிறைவேற்ற முற்பட்டவர்கள் தோல்வியே கண்டார்கள்.

உருக்கின் பெருமையைப் பேசத் தொடங்கினால் நம் நாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேலைநாட்டார் ‘வூட்ஸ்’ என்று வழங்கிய உருக்கு தென்னிந்தியாவில் பிறந்தது. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘உக்கு’ என்றும், தமிழில் ‘உருக்கு’ என்றும் வழங்கும் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பது அறிஞர் பலருடைய கருத்து. தெலுங்கானத்துக் கோனசமுத்திரத்திலும், மைசூர் நாட்டிலும், நம் சேலம் பகுதியிலும் இதைச் செய்தார்கள். தேனிரும்பைத் துண்டுதுண்டாக வெட்டிக் களிமண் மூசையில் இட்டு, ஆவாரங்கட்டையையும் பச்சிலைகளையும் சேர்த்து, வாயைக் களிமண்ணால் மூடி, உலையில் வைத்துத் துருத்தியால் ஊதுவார்கள். கட்டையிலும் இலையிலும் உள்ள கரி, இரும்பில் கலந்து அதை உருக்காக்கும். கோனசமுத்திரத்துக்குப் பாரசீக வணிகர்கள் நேரில் வந்து தங்கி இதை வாங்கிச் சென்றார்கள். மேற்காசியாவின் புகழ்பெற்ற வாள்கள் பலவும் இந்த உருக்கினால் ஆனவையே.

அப்படியானால், உலகம் விரும்பிய இந்த உருக்கைக் கொண்டே நம்மவர் துப்பாக்கிக் குழல்களையும் வார்த்துவிட்டார்களா? பெரும்பாலும் இல்லை. காரணம் தெளிவானது. வூட்ஸ் உருக்கில் கரியின் அளவு நூற்றுக்கு ஒன்றரைப் பங்கை ஒட்டி இருந்தது. அதனால்தான் வாளின் கூர் நின்றது. ஆனால் அதே கரி, உருக்கைக் கடினமாக்குவதோடு எளிதில் உடையக்கூடியதாகவும் ஆக்கியது. அளவுக்கு மீறிச் சூடேற்றினால் சம்மட்டியின் அடியிலேயே நொறுங்கும். குழலுக்கு வேண்டிய நெகிழ்ச்சி மென்மையான தேனிரும்பில்தான் இருந்தது. சிறந்த உருக்கு வேறு, உரிய உருக்கு வேறு என்பதை நம் நாட்டுத் தொழிலாளர் கைப்பழக்கத்தால் உணர்ந்திருந்தனர். ஆகவே இரும்பையும் உருக்கையும் பட்டைகளாக அடித்து, முறுக்கி, சுருளாகச் சுற்றிப் பற்றவைத்துக் குழல் செய்தார்கள். நீரலை போன்ற கோலங்கள் அக்குழல்களின் மேல் தோன்றுவதற்கு அதுவே காரணம்.

இதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபசல் இயற்றிய ‘ஆயினி அக்பரி’ என்னும் நூலில் துப்பாக்கிகளைப் பற்றித் தனியே ஒரு பகுதி இருக்கிறது. முற்காலத்தில் இரும்புத் தகட்டை வளைத்து இரண்டு விளிம்புகளையும் சேர்த்துப் பற்றவைத்துக் குழல் செய்தார்கள். அந்த மூட்டுவாயில் வெடித்து விபத்துக்கள் நேர்ந்தன என்று அவர் கூறுகிறார். அக்பருடைய தொழிற்சாலையிலோ தகட்டைத் தாள் சுற்றுவது போலச் சாய்வாகச் சுற்றி, ஒரு சுற்றின்மேல் மற்றொரு சுற்று படியுமாறு வைத்துப் பற்றவைத்தார்கள். முன்பு குழலில் கால் பங்குக்கு மேல் மருந்து இட அஞ்சினார்கள். புதிய முறையில் வாய்வரை நிரப்பிச் சுட்டாலும் வெடிக்கவில்லை என்கிறார். இதில் அரசனைப் புகழும் மிகை கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆயினும் சுருள்முறையின் தத்துவம் சரியானதே. பற்றுவாய் குழலின் நீளத்துக்கு ஒரே கோடாகச் செல்லாமல் சுற்றிச் சுற்றிச் செல்லும்போது, அழுத்தம் அதை நேராகப் பிளக்க இயலாது.

அந்நூலில் நம்மை வியக்கவைக்கும் மற்றொரு செய்தியும் உண்டு. ஒவ்வொரு துப்பாக்கியின் மேலும் இரும்பின் எடை, இரும்பு கிடைத்த இடம், செய்தவர் பெயர், செய்யப்பட்ட ஊர், நாள், எண் ஆகியவற்றைப் பொறித்தார்கள் என்கிறார் ஆசிரியர். இன்றைய தொழிற்சாலைகளில் ஒரு கம்பி வந்தால், அது எந்த உலையில் எந்த வார்ப்பில் பிறந்தது என்று சான்றிதழ் கேட்கிறார்கள் அல்லவா? அந்த எண்ணம் அன்றே நம் நாட்டில் இருந்திருக்கிறது. உலோகத்தின் பிறப்பிடத்தை அறியாமல் அதன்மேல் உயிரை ஒப்படைக்கலாகாது என்பதே அதன் பொருள்.

பின்னர், 1762இல் வங்காளத்து நவாப் மீர் காசிம் தன் தலைநகரை மூர்ஷிதாபாத்திலிருந்து முங்கேருக்கு மாற்றி, அங்கே படைக்கலத் தொழிலை வளர்த்தான். அவன் ஆட்சி நீடிக்கவில்லை. முங்கேரின் துப்பாக்கித் தொழிலோ தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய உருக்கு இங்கிலாந்தின் ஆராய்ச்சிக்கூடங்களை எட்டியது. பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்னும் மருத்துவர் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்து, ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சங்கத்தில் கட்டுரை படித்தார். சில ஆண்டுகள் கழித்து, மின்சார ஆராய்ச்சியால் பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து வூட்ஸின் இரகசியத்தைத் தேடினார். அந்தத் தேடலில் பிளாட்டினம், ரோடியம், வெள்ளி முதலியவற்றை உருக்குடன் கலந்து பார்த்தார். 1820இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, கலப்பு உருக்கு என்னும் பெருந்துறைக்கு ஒரு தொடக்கமாயிற்று. வூட்ஸின் இரகசியம் அவர்களுக்கு முழுவதும் பிடிபடவில்லை. ஆனால் தேடிய வழியில் வேறொரு கதவு திறந்தது.

இவ்வரலாற்றில் நம் கடற்கரைக்கும் ஓர் இடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்தின் இரும்புக்கல்லையும் நம் கொல்லருடைய மூசை முறையையும் அவர் நேரில் கண்டறிந்தவர். ஆலை அவருக்குச் செல்வம் தரவில்லை. இங்கிலாந்து திரும்பிய அவர், மாங்கனீசைச் சேர்த்தால் வார்ப்பு உருக்கு செம்மைப்படும் என்று கண்டு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு நகரத்து உற்பத்தியாளர் அம்முறையால் பெரும்பயன் அடைந்தனர். ஹீத்தோ நீதிமன்றங்களில் வழக்காடியே வாழ்நாளைக் கழித்தார்.

மாங்கனீசின் அருமையை உலகம் முழுவதும் உணர்ந்தது பெஸ்ஸிமர் காலத்தில். அதற்கும் பீரங்கியே காரணம். கிரிமியப் போரின்போது ஹென்றி பெஸ்ஸிமர் சுழன்று செல்லும் ஒரு புதுவகைக் குண்டை அமைத்துப் பிரான்சு நாட்டில் சோதித்துக் காட்டினார். குண்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால், இத்தகைய கனமான குண்டை நம் வார்ப்பிரும்புப் பீரங்கிகள் தாங்குமா என்று மினியே என்ற படை அதிகாரி வினவினார். அந்தக் கேள்வி பெஸ்ஸிமரைப் பீரங்கியை விட்டு உலோகத்தின் பக்கம் திருப்பியது. 1856இல் அவர் தம் புதிய முறையை வெளியிட்டார். உருகிய இரும்பில் காற்றை ஊதி மிகுந்த கரியை எரித்துவிடும் முறை அது. தொடக்கத்தில் அவருடைய உருக்கு பலரிடம் நொறுங்கியது. ராபர்ட் முஷெட் என்பவர் மாங்கனீசு கலந்த வார்ப்பிரும்பைச் சேர்த்துக் குறையை நீக்க வழி காட்டினார்.

இதற்கிடையில் துப்பாக்கி மருந்தே மாறிவிட்டது. 1884இல் பிரெஞ்சு அறிஞர் பால் வியெய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். பழைய கருமருந்தைவிட இதன் அழுத்தமும் வெப்பமும் மிகுதி. முறுக்கிப் பற்றவைத்த அழகிய குழல்களின் காலம் இதனால் முடியலாயிற்று. 1888இல் ஏற்கப்பட்ட லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியின் கதையே இதற்குப் போதிய சான்று. கருமருந்துக்காக அமைக்கப்பட்ட அதன் ஆழமற்ற உட்பள்ளங்களைக் கார்டைட் மருந்தின் வெப்பம் விரைவில் அரித்துவிட்டது. 1895இல் ஆழமான பள்ளங்களோடு லீ-என்ஃபீல்டு பிறந்தது.

குழல் அரிக்கப்படும் இச்சிக்கலுக்கு மருந்து தேடியதில் விளைந்த ஒரு நன்மை நம் அடுக்களைக்கே வந்துவிட்டது! ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி என்னும் உலோக அறிஞர், வெப்பத்துக்கு அரிபடாத குழல் உருக்கைத் தேடிக் குரோமியத்தை மிகுதியாகக் கலந்து பார்த்தார். 1913இல் அவர் செய்த கலவையில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் இருந்தது. சோதனைக்காக அமிலத்தைத் தடவியபோது அது அரிபடவில்லை. துருப்பிடிக்காத கத்திக்கு அதுவே வழி வகுத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில், பீரங்கித் தொழிலுக்குப் பேர்போன குருப் ஆலையில் குரோமியத்தோடு நிக்கலும் கலந்த வகை உருவாயிற்று. நாம் எவர்சில்வர் என்று அழைக்கும் பாத்திரங்களுக்கு முன்னோடி அதுவே.

உரிய உருக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதை அமெரிக்க நாட்டின் அனுபவம் காட்டியது. அதைச் சற்று விரிவாகவே நோக்குவது நலம்.

1903இல் அமெரிக்கப் படை ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் துப்பாக்கியை ஏற்றது. ஸ்பிரிங்ஃபீல்டிலும் ராக் ஐலண்டிலும் இருந்த அரசுத் தொழிற்சாலைகள் அதைச் செய்தன. தாழைத் தாங்கும் உடற்கூட்டுக்கு அவர்கள் எடுத்தது கரி குறைந்த சாதாரண உருக்கு. அதைப் பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கி, மேற்பரப்பில் மட்டும் கரியேற்றிக் கடினமாக்கினார்கள். உள்ளே நெகிழ்ச்சி, வெளியே கடினம் என்பதே நோக்கம். நோக்கத்தில் பிழையில்லை. பிழை உலைக்களத்தில் இருந்தது.

காய்ச்சும் வெப்பத்தை அங்கிருந்த தொழிலாளர் கண்ணால் அளந்தார்கள். செந்நிறம், செம்மஞ்சள், மஞ்சள் என்று நிறத்தைப் பார்த்தே பதம் அறிந்தார்கள். பழகிய கண்ணுக்கு அது கைவந்த கலைதான். ஆனால் வானம் மூடிய நாளில் கண்ணுக்குத் தெரியும் நிறம் வேறு. வெயில் பளிச்சென்று வீசும் நாளில் தெரியும் நிறம் வேறு. வெயில் நாளில் இரும்பு சூடு போதாதது போலத் தோன்றும்; தொழிலாளர் மேலும் காய்ச்சுவார்கள். அளவு மீறிக் காய்ந்த உருக்கின் உட்கட்டு பருபருத்துப்போய், கண்ணாடி போல உடையும் தன்மை பெறும். பின்னால் செய்யும் எந்தத் தோய்ச்சலும் அந்தக் குறையை முற்றும் நீக்கவில்லை. வெளியில் பார்த்தால் நல்ல துப்பாக்கிக்கும் கெட்ட துப்பாக்கிக்கும் வேறுபாடு சிறிதும் தெரியாது!

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது சில துப்பாக்கிகள் வெடித்துச் சிதறின. குறையுள்ள தோட்டாக்களே உடனடிக் காரணம் என்றாலும், நல்ல உடற்கூடு அவற்றைத் தாங்கியிருக்க வேண்டும், சிதறியிருக்கக்கூடாது. ஆராய்ந்தபோது வெப்பமானி வைத்து அளந்தார்கள். பழகிய கண்கள் சரியென்று கூறிய வெப்பம், சிலவேளைகளில் உரிய அளவைவிட ஏறத்தாழ 300 பாகை பாரன்ஹீட் கூடுதலாக இருந்தது தெரிந்தது. 1918 முதல் இரட்டைத் தோய்ச்சல் முறை வந்தது. பின்னர் நிக்கல் கலந்த உருக்கும் வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் 8,00,000 என்ற எண்ணுக்கும், ராக் ஐலண்டில் 2,85,507 என்ற எண்ணுக்கும் முற்பட்டவை ஐயத்துக்குரியவை என்று ஒதுக்கப்பட்டன. ஏறத்தாழ பத்து லட்சம் துப்பாக்கிகள்! அவற்றுள் உண்மையில் வெடித்தவை மிகச் சிலவே. ஆனால் எது வெடிக்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் அத்தனையின்மேலும் நம்பிக்கை போயிற்று.

இதில் தொழிலாளரைப் பழிப்பது முறையாகாது. ஓய்வின்றி உழைத்தவர்கள் அவர்கள். கண்ணை அளவுகோலாக வைத்துவிட்டு, அதைச் சோதிக்க ஒரு கருவியை வைக்காத ஏற்பாடுதான் குற்றத்துக்குரியது. அனுபவம் பெரிது, ஆனால் அனுபவத்துக்கும் ஓர் உரைகல் வேண்டும்.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில் உள்ள இஷாப்பூரில், பழைய வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. இரண்டு உலகப் போர்களிலும் .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளை அது செய்து கொடுத்தது. 1962இல் சீனாவுடன் நேர்ந்த போருக்குப் பின், நம் படைக்கு 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும் துப்பாக்கிகள் விரைந்து தேவைப்பட்டன. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் புதிய துப்பாக்கிகள் போதிய அளவில் வருவதற்குள் இடைக்கால ஏற்பாடு ஒன்று வேண்டியிருந்தது. பழகிய பழைய லீ-என்ஃபீல்டு அமைப்பையே புதிய தோட்டாவுக்கு ஏற்றவாறு செய்யலாம் என்று இஷாப்பூர் அறிஞர்கள் முடிவு செய்தனர்.

இது எளிய முடிவன்று. புதிய தோட்டாவின் அழுத்தம் பழையதைவிட மிகுதி. லீயின் அமைப்பில் தாழைப் பிணைக்கும் காதுகள் பின்புறத்தில் உள்ளன. ஆகவே ஒவ்வொரு வெடிப்பிலும் தாழும் உடற்கூடும் சற்று நெகிழ்ந்து மீள வேண்டும். பழைய உடற்கூட்டில் குழலை மட்டும் மாற்றிப் பொருத்துவதைப் பொறுப்புள்ள எந்தத் தொழிலாளரும் ஏற்கமாட்டார். இஷாப்பூர் அந்த வழியில் செல்லவில்லை. உருவத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்து, உலோகத்தை மாற்றினார்கள். உடற்கூட்டுக்கு மேம்பட்ட ஈ.என். வகை உருக்கைக் கையாண்டார்கள். 1963இல் ‘2ஏ’ என்ற துப்பாக்கியும், 1965இல் சிறு மாற்றங்களுடன் ‘2ஏ1’ என்பதும் வந்தன. பிற்காலத்தில் படையிலிருந்து விலகிய அத்துப்பாக்கிகள் பல மாநிலங்களின் காவல்துறையினர் தோளில் நெடுங்காலம் இருந்தன.

ஈ.என். என்னும் இந்தக் குறியீடு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் பிறந்தது. ஆலைக்கு ஒரு பெயராக வழங்கிய உருக்கு வகைகளை ஒழுங்கு செய்து எண் கொடுத்தார்கள். பிரிட்டன் பின்னர் அவ்வெண்களை மாற்றிவிட்டாலும், கோயம்புத்தூர் முதல் லூதியானா வரை நம் நாட்டுப் பட்டறைகளில் இன்றும் ஈ.என். என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஈ.என். 8 என்பது நடுத்தரக் கரி உருக்கு. ஈ.என். 19இல் குரோமியமும் மாலிப்டினமும் உள்ளன. இதன் இனமே உலகெங்கும் குழலுக்கு மிகுதியாகப் பயன்படுவது. ஈ.என். 24இல் நிக்கலும் சேர்வதால் பருத்த பகுதியிலும் உட்புறம் வரை தோய்ச்சல் ஏறும். ஈ.என். 36 மேற்பரப்பை மட்டும் கடினமாக்குவதற்கு உரியது. ஈ.என். 45 வில்லுக்கு உரிய சிலிக்கன் உருக்கு. எளிதாகக் கடைவதற்காகக் கந்தகம் சேர்த்த ஈ.என். 1ஏ என்னும் வகையும் உண்டு. திருகாணிக்கு அது நல்லது. அடி தாங்கும் உறுப்புக்கு ஆகாது. கடைசல்காரருக்கு இனிமையாக இருப்பது, சுடுபவருக்கும் நன்மையாக இருக்கும் என்று கொள்ளலாகாது.

பழைய துப்பாக்கி ஒன்றின் உடைந்த ஊசிக்கோ, குதிரைக்கோ மாற்று உறுப்பு செய்யும்போதும் இதே நியாயம் பொருந்தும். கைக்குக் கிடைத்த கம்பியை அரத்தால் தேய்த்து, அளவு சரியாக இருக்கிறது என்று பொருத்திவிடுவது ஆபத்து. அளவு என்பது கண்ணுக்குத் தெரியும் பாதி. கலவையும் தோய்ச்சலும் கண்ணுக்குத் தெரியாத மறுபாதி. இவ்வேலைக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் கோருவதும், விற்பனைக்கு வரும் துப்பாக்கி சோதனை முத்திரை பெற வேண்டும் என்பதும் இதனால்தான். லண்டனில் 1637இல் துப்பாக்கி செய்வோர் சங்கம் சாசனம் பெற்றது. விற்குமுன் மிகுந்த மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரையிடும் வழக்கத்தை அது பேணியது. நோக்கம் ஒன்றே: வெடிப்பதானால் அது சோதனைக் கூடத்தில் வெடிக்கட்டும், மனிதர் கையில் வேண்டாம்.

ஆவாரங்கட்டையை மூசையில் இட்ட சேலத்துக் கொல்லர், குழலை முறுக்கிய அக்பர் காலத்துத் தொழிலாளர், வெயிலில் ஏமாந்த ஸ்பிரிங்ஃபீல்டுக் கண்கள், உலோகத்தை மாற்றிய இஷாப்பூர் அறிஞர் ஆகியோரை ஒருசேர எண்ணிப் பார்த்தால் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். எல்லாவற்றிலும் சிறந்த உருக்கு என்று ஒன்று உலகில் இல்லை. இன்ன வேலைக்கு இன்ன உருக்கு, அதற்கு இன்ன பதம் என்பதே உண்டு. அதை அறிந்து தேர்ந்தவரிடம், அறிந்ததைச் சோதித்தும் பார்த்தவரிடம், நாம் நம் கையையும் கண்ணையும் நம்பி ஒப்படைக்கலாம். பாலத்துக்கும், உந்துவண்டியின் அச்சுக்கும், மின்தூக்கியின் கயிற்றுக்கும் இதே நியாயந்தான். நாள்தோறும் நாம் அறியாமலே எத்தனையோ உருக்குத் துண்டுகளை நம்பி வாழ்கிறோம். அவற்றை நமக்காகத் தேர்ந்த முகமறியாத மனிதர்களின் நேர்மையே அந்நம்பிக்கைக்கு அடிப்படை.